வெள்ளிக்கிழமை வர்த்தமானியும் எங்கள் பிள்ளைகளும்

மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு வந்த கோலத்துடன் ஒரு தாய் எமது நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் மகளின் பத்திரங்கள்.

“பாதர் இல்லையோ தம்பி? என்ர பிள்ளை கிராம சேவகர் சோதினை பாஸ் பண்ணிப் போட்டாள். இன்ரவியூவில திருப்பி அனுப்பிப் போட்டினம். என்ன பிழை எண்டு நீங்களாவது ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

பத்திரங்களை மேசையில் பரப்பிப் பார்த்தோம். பெறுபேறுகள் திறமானவை. பிழை வேறிடத்தில் இருந்தது. இத்தாய் சிறுமியாக இருக்கையில், 1990 இல், அவரது குடும்பம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. அன்று தொடக்கம் வேறொரு பிரதேச செயலகப் பிரிவில், குத்தகைக் காணியில் வாழ்கின்றார்கள். மகள் பிறந்ததும் அங்கேதான். ஆனால் வாக்காளர் பதிவு மட்டும் பழைய ஊரில். “பதிவை எடுத்தால் காணியும் போயிடும்” என்று பேரனார் சொல்லி வைத்திருந்தாராம். பிள்ளை பழைய ஊர்ப் பிரிவுக்கு விண்ணப்பித்தாள். அங்கே ஒருநாளும் வசித்ததில்லை என்பதால் வதிவிடச் சான்று கிடைக்கவில்லை. வாழும் பிரிவிலோ அவள் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை.

இப்படிப்பட்ட குடும்பம் இது ஒன்றல்ல. ஆகையால் இப்பாடத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கும் படிப்பு உதவிக்கும் போகும் வழியை எடுத்துக்கொள்வோம். எப்படிப் படிப்பது என்பதை ஆசிரியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டில் பெற்றார் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியே நாம் பேசப் போகின்றோம்.

கிராம அலுவலர் பதவியில் தொடங்குவோம்

எமது முதியவர்கள் “விதானையார்” என்று சொல்வதை இன்றும் கேட்கலாம். விதானைமார் முறை 1963 இல் நீக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி உருவானது. அதே ஆண்டு மே 1 ஆம் திகதி பழைய சிவில் சேவையும் ஒழிக்கப்பட்டு நிருவாக சேவை தொடங்கியது. கிராம அலுவலர் என்பது பின்னாளில் வந்த பெயர். நாடு முழுவதும் 14,022 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. நிவாரண அட்டை, வெள்ள நட்டஈடு, வதிவிடச் சான்று என்று எதற்கும் இவரது ஒப்பம் வேண்டும். அந்த ஒப்பத்துக்காக எத்தனை நாள் வாசலில் நின்றோம் என்பதை இடம்பெயர்ந்த மக்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தக் கதிரையில், இடப்பெயர்வைத் தன் வீட்டில் கண்ட ஒரு பிள்ளை இருப்பது பெரிய காரியம் என்றே நாம் நினைக்கின்றோம்.

அண்மைய ஆட்சேர்ப்பில் கேட்கப்பட்ட வயது 21 முதல் 35 வரை. க.பொ.த. சாதாரண தரத்தில் மொழியும் கணிதமும் உட்பட நான்கு பாடங்களிலாவது திறமைச் சித்தி வேண்டும். உயர்தரத்திலும் சித்தி வேண்டும். எமது பிள்ளைகள் பெரும்பாலும் தடக்குப்படுவது கணிதத்தில்தான். உயர்தரம் முடித்த பின்னரும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்தைத் திரும்ப எழுதலாம். “அது பழைய சோதினை, இனி என்னத்துக்கு” என்று விட்டுவிடும் பிள்ளையை எழுத வையுங்கள். பதவிக்குப் பதவி நிபந்தனை சிறிது மாறும் என்பதால், எத்தனை அமர்வுகளில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வதிவிடம்

முன்சொன்ன பிள்ளை இடறியது இங்கேதான். கிராம அலுவலர் வெற்றிடங்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக நிரப்பப்படுகின்றன. விண்ணப்பிக்கும் பிரிவில் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் நிரந்தர வதிவிடம் இருந்ததாகக் காட்ட வேண்டும். அதற்கு முதற் சாட்சி வாக்காளர் இடாப்பு. பிள்ளைக்கு 18 வயதானதும், உண்மையாக வாழும் இடத்தில் பெயரைப் பதிந்தால், 21 வயதில் மூன்று ஆண்டு இடாப்பு கையில் இருக்கும். ஆகையால் ஆண்டுதோறும் கிராம அலுவலர் கொண்டுவரும் வாக்காளர் பதிவுப் படிவத்தைச் சும்மா ஒரு கடதாசி என்று எண்ணி அலுமாரியின் மேல் போட்டுவிடாதீர்கள். நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பிரதியொன்றை எடுத்து வையுங்கள்.

காணி பற்றிய பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. தமது வளவை முட்கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதியப்படுவதற்கென 2013 இல் ஒரு விசேட சட்டமும் குறிப்பிட்ட காலத்துக்கு இயற்றப்பட்டது. ஆகவே பழைய ஊரில் பதிந்திருந்தது குற்றமல்ல. ஆனால் உறுதிக் காணியின் உரித்து உறுதியில் இருக்கின்றது, வாக்காளர் இடாப்பில் அல்ல. வேறிடத்தில் வாக்குப் பதிந்ததனால் உறுதி செல்லாமற் போவதில்லை. அனுமதிப்பத்திரக் காணியின் கதை வேறு. அதற்கு வதிவதும் பயிர் செய்வதும் நிபந்தனைகளாக இருக்கலாம். அப்படிப்பட்ட காணி உள்ளவர்கள் பதிவை மாற்ற முன்னர் பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைக் கண்டு கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் பதிய வேண்டும் என்ற நினைப்பும் பலரிடம் உண்டு. தாய் தந்தையர் மீள்குடியேறிப் பழைய ஊருக்குப் போக, பிள்ளை படித்த இடத்திலேயே வசித்தால், அவள் பதிவு அவள் வசிக்கும் இடத்தில் இருப்பதே முறை.

இது கிராம அலுவலர் பதவிக்கு மட்டும் உரியதல்ல. தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு ஆசிரிய மாணவரைத் தெரிவு செய்கையிலும் பிரதேச செயலகப் பிரிவு பார்க்கப்படுகின்றது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களில் இக்கல்லூரிகள் உள்ளன. இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படிப்பு, ஓராண்டு பாடசாலையில் பயிற்சி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைச் சிறிதளவால் தவறவிட்ட பிள்ளைக்கு இது நல்ல வழி. எமது கணிப்பில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை.

வர்த்தமானியைப் பார்ப்பது

அரசாங்க வர்த்தமானி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளிவருகின்றது. அதில் பகுதி 1, தொகுதி இரண்டு ‘அ’ என்பதிலேயே பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் இருக்கும். பிரதேச செயலகத்திலும் பொது நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். இணையத்தில் தமிழிலும் கிடைக்கின்றது. விண்ணப்ப காலம் பெரும்பாலும் சில வாரங்களே. நெல் வெட்டுக் காலத்தில் அறிவித்தல் வந்தால், நாம் சூடு மிதித்து முடிக்கும் முன்னரே திகதி முடிந்துவிடும். ஆகையால் மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ ஓர் இளைஞனிடம் அல்லது இளம்பெண்ணிடம் இப்பொறுப்பைக் கொடுக்கட்டும். அவர் கைத்தொலைபேசியில் வெள்ளி தோறும் பார்த்து, பயன்படக்கூடியதை வாசிகசாலைப் பலகையில் எழுதிப் போட்டால் போதும்.

அறிவித்தலை வாசிக்கையில் மூன்றிடத்தில் கோடு போடுங்கள். வயது எந்தத் திகதியில் கணிக்கப்படுகின்றது? பெரும்பாலும் அது விண்ணப்ப முடிவுத் திகதியே, பரீட்சை நாளன்று. எந்த மொழியில் எழுதப் போகின்றீர்கள் என்று குறித்த பின் அதை மாற்ற முடியாது. மூன்றாவது, கையொப்பத்தை யார் அத்தாட்சிப்படுத்தலாம் என்ற பந்தி. அரசாங்கப் பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சட்டத்தரணி ஆகியோருடன், பல அறிவித்தல்களில் வணக்கத்தலத்துக்குப் பொறுப்பான மதகுருவும் சொல்லப்பட்டிருப்பார். உங்கள் பங்குத் தந்தையிடமோ கோவில் ஐயரிடமோ பள்ளிவாசல் மௌலவியிடமோ அந்தப் பந்தியைக் காட்டிக் கேட்கலாம். கடைசி நாளில் அதிபரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு வரியும் அங்கே கிடக்கும். மூன்று மொழி அறிவித்தல்களுக்கிடையே வேறுபாடு இருப்பின் சிங்கள அறிவித்தலே செல்லும் என்று அது சொல்லும். 1956 இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் சேர்ந்தது 1987 இல், பதின்மூன்றாம் திருத்தத்தோடு. அதற்குப் பின்னரும் அந்த வரி அகலவில்லை. மனவருத்தம் எமக்கும் உண்டு. ஆனாலும் தமிழில் சந்தேகமாக உள்ள நிபந்தனையைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது புத்தி. 2007 ஜூலை 1 க்குப் பின்னர் சேவையில் சேர்ந்தோர் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதி வந்தது. இது தமிழருக்கு மட்டுமல்ல, சிங்கள உத்தியோகத்தருக்கும் தமிழ் தொடர்பாக உள்ள கடமை. ஆகவே பள்ளியில் இரண்டாம் மொழிப் பாடத்தைப் பிள்ளை தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

பெயரும் பத்திரமும்

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மாறிய பெயர். முகாம்களில் அவசரமாகப் பதிந்த பிள்ளைகளுக்கு இது சாதாரணம். நேர்முகப் பரீட்சை நாளில் இதைத் திருத்த முடியாது. இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். முடியுமானால் மூலப் பதிவையே திருத்துங்கள். பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால், ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறலாம். சுட்டெண்ணை இன்றே வேதாகமத்தின் உட்புறத்திலோ, வேறு தொலையாத புத்தகத்திலோ எழுதி வையுங்கள். பத்திரங்களைத் தொலைபேசியில் படமாகவும் எடுத்து, வேறூரில் உள்ள உறவினருக்கு அனுப்பி வைக்கலாம். ஓடி வந்த எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

வேறு கதவுகள்

முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பரீட்சைக்கு வயது 18 முதல் 30. இலங்கை நிருவாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டமும் 22 முதல் 28 வரையான வயதும் கேட்கப்படுகின்றன. பட்டம் முடிய 25, 26 ஆகிவிடும் எமது பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு மூன்று ஆண்டுகளே மிஞ்சும். ஆனால் ஏற்கெனவே சேவையில் உள்ளோருக்கென மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சையும் உண்டு. கீழ்ப் படியில் ஏறியவர் மேலே போக அது ஏணி.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு இயல்பான வழி விவசாயப் போதனாசிரியர் பதவி. அதற்கான டிப்ளோமாவை விவசாயத் திணைக்களத்தின் விவசாயக் கல்லூரிகள் நடத்துகின்றன. வவுனியாவிலும் பாலமுனையிலும் அவை உள்ளன. வயல் வரம்பில் வளர்ந்த பிள்ளை அங்கே மற்றவருக்குப் பின்னால் நிற்கத் தேவையில்லை.

பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில் இருக்கின்றது. 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிதியம் அது. மாதம் 5,000 ரூபா என்றிருந்த கொடுப்பனவை 7,500 ரூபாவாக்க 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. திறமை அடிப்படையிலும் குடும்ப வருமானத்தின் அடிப்படையிலும் கொடுக்கப்படுகின்றது. வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். கூலி வேலை என்று எழுத வெட்கப்பட்டு “வியாபாரம்” என்று போட்ட ஒரு தகப்பனை எமக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்கள் எல்லாம் பட்டம் முடித்த கையோடு கிடைப்பவை அல்ல. பிரித்தானியாவின் செவனிங் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும், படித்த பின் இரண்டு ஆண்டுகள் நாடு திரும்பியிருக்க வேண்டும். ஜப்பான் அரசின் மனிதவள அபிவிருத்திப் புலமைப்பரிசில் 2010 முதல் இலங்கையின் நிறைவேற்றுத் தர அரச உத்தியோகத்தருக்குக் கிடைத்து வந்துள்ளது. முதலில் சேவை, பிறகு புலமைப்பரிசில் என்ற ஒழுங்கும் உண்டு என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

ஒரு எச்சரிக்கை. “கொழும்பில் ஆள் தெரியும், மூன்று லட்சம் தந்தால் போஸ்டிங் எடுத்துத் தாறன்” என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு எம்மிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. அந்தக் காசு திரும்பி வந்ததை நாம் காணவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியோடு அரச ஆட்சேர்ப்பு வெகுவாகக் குறைந்ததும் உண்மை. அறிவித்தல் வரும்வரை பிள்ளை கை கட்டி இருக்கத் தேவையில்லை. தொழிற்பயிற்சி, தோட்டம், தனியார் வேலை எதுவும் விண்ணப்பத்துக்குத் தடையல்ல.

அந்தத் தாயின் மகள் இப்போது வாழும் பிரிவில் பெயரைப் பதிந்துவிட்டாள். இரண்டு ஆண்டு இடாப்புப் பிரதிகள் சொப்பின் பைக்குள் சேர்ந்துவிட்டன. அவளுக்கு வயது 26. மூன்றாவது இடாப்பு வரும்போது 27 ஆகும். இதற்கிடையில் முகாமைத்துவ சேவைப் பரீட்சைக்கான பழைய வினாத்தாள்களைச் செய்துகொண்டிருக்கின்றாள். கணிதத்தில் அவளிடம் பாடம் கேட்க, அயல் வளவுகளிலிருந்து நான்கு பிள்ளைகள் பின்னேரங்களில் வருகின்றார்கள்.