மாப்பிள்ளைக்கு, குளிர் வருமுன்

காரைக்கால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

வண்டி எடுத்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். சார்செல்லிலிருந்து இனி வேலைக்கு பைக்கில்தான் போவாயாம், குளிருக்குத் தடியாக ஒரு கோட்டு வாங்கப்போகிறாயாம். பணத்தைக் கொடுக்குமுன் இதைப் படித்துவிடு.

நம் ஊர் மார்கழிப் பனிக்குக் காதைச் சுற்றி ஒரு துண்டு போதும், திருநள்ளாறு வரை போய்வந்துவிடலாம். அங்கே பிரான்சில் ஜனவரியில் 5 டிகிரி சாதாரணம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்று சேர்ந்துகொண்டு உடம்புக்கு அது மைனஸ் 3 போலத் தெரியும். நான் அங்கே இருந்த காலத்தில் விடியுமுன் கிளம்பிப் போய் இறங்கினால், விரல் மரத்துச் சாவியை உருவவே நேரமாகும். பிரேக்கைப் பிடிப்பதும் அதே விரல்தான். அதனால் குளிரை லேசாக எண்ணச் சொல்லவில்லை. ஆனால் ஜாக்கெட்டின் முதல் வேலை நீ விழும்போது காப்பது. குளிரை உள்ளே போடும் துணியால் சமாளித்துக்கொள்ளலாம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் பஞ்சு வைத்த நைலான் கோட்டோடு ஈர ரோட்டில் சறுக்கினார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஓடிப்போய்த் தூக்கும்போது கோட்டின் கை தோள்வரை கிழிந்திருந்தது, நைலான் உருகி முழங்கைத் தோலில் ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுக்கும்போது அவர் போட்ட சத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே கடையில் ஜிப்பைத் திறந்ததும் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பார். பைக் ஓட்டுகிறவன் படமும், ஈஎன் 17092 என்ற எண்ணும், அதோடு ஏஏஏ, ஏஏ, ஏ என்று ஏதாவது ஒன்றும் இருக்கவேண்டும். ஏஏஏ உரசலை நன்றாகத் தாங்கும், கனமும் அதிகம். தினமும் வேலைக்குப் போய்வர உனக்கு ஏஏ சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். பி போட்டதை எடுக்காதே, அதில் காப்புப் பட்டைகளே இராது. மற்றதில் தோளுக்கும் முழங்கைக்கும் இருக்கும். முதுகுப் பக்கம் கைவிட்டுப் பார். பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்சுதான் கிடக்கும். ஈஎன் 1621-2, லெவல் 2 போட்ட முதுகுக் காப்பைத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்.

குளிருக்கு உள்ளே எதைப் போடுவாயோ அதையும் போட்டுக்கொண்டு கடைக்குப் போ. ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை இழுத்து, நிறுத்திவைத்த வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடி. மணிக்கட்டு தெரியக்கூடாது, இடுப்பு தெரியக்கூடாது. முழங்கைப் பட்டையைக் கையால் திருகிப் பார். நகர்ந்தால் ஒரு சைஸ் சின்னதாகக் கேள். தொளதொளப்பான ஜாக்கெட் விழுகிற அன்று பட்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையைக் குடித்துக்கொண்டு நெஞ்சிலேயே ஈரமாக இருக்கும். அக்கா அனுப்பிய கம்பளிச் சட்டை நல்லது. அங்கே பெய்யும் தூறலுக்கு ஜாக்கெட்டின் மேலே போடும் மழைக்கோட்டு ஒன்று தனியாக வைத்துக்கொள். வெளித்துணி நனைந்தால் உள்ளே தண்ணீர் வராவிட்டாலும் சில்லென்றுதான் இருக்கும்.

கையுறையைக் கடைசியாக மிச்சமான காசில் வாங்காதே. 2016 நவம்பரிலிருந்து அங்கே சிஇ முத்திரை போட்ட கையுறை கட்டாயம். இல்லாவிட்டால் 68 யூரோ அபராதம், லைசென்சில் ஒரு புள்ளியும் போகும். பளபளக்கும் மஞ்சள் உடுப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். ஓட்டும்போது வைத்திருந்தால் போதும் என்கிறது சட்டம், நீ காலையிலும் மாலையிலும் போட்டுக்கொள். குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் அங்கே இருட்டுதானே.

வாங்குமுன் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. முதுகுக் காப்புக்குப் பணம் பத்தாவிட்டால் அக்காவிடம் சொல்லி அவளைக் கலவரப்படுத்தாதே. என்னிடம் கேள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா