கணையக் கட்டியா? சதைப் பரிசோதனை முடியட்டும்

கணையத்தில் வரும் கட்டி பெரும்பாலும் புற்றுநோய்தான். ஆனால் அபூர்வமாகக் காசநோயும் அங்கே அதே உருவில் வந்து உட்காரும். மணலியிலிருந்து துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் என் தாய்மாமாவுக்கு வந்தது அதுதான்.

கண் மஞ்சளானது, உடம்பு இளைத்தது, சோறு இறங்கவில்லை. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, ரத்தத்தில் சி.ஏ. 19-9 அதிகம். ரிப்போர்ட்டைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் "கேன்சர்தான்" என்று சொல்லிவிட, வீடே இடிந்துபோனது. "மாப்ள, இன்னும் எவ்ளோ நாளுன்னு டாக்டர்கிட்ட கேட்டியா?" என்றார் மாமா. பித்தக்குழாய் அடைத்துக்கொண்டாலே சி.ஏ. 19-9 ஏறும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, முன்பு வீட்டில் யாருக்காவது டிபி, சர்க்கரை நோய், எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல் இல்லை, மார்பு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் டிபி இல்லை என்று ஆகிவிடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மெலியாய்டோசிஸ் என்ற இன்னொரு தொற்றும் உண்டு. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வருவது. அதற்கு டிபி மருந்து கேட்காது. அதனால்தான் எந்தக் கிருமி என்று தெரிவது அவ்வளவு முக்கியம்.

எண்டோஸ்கோப் வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஊசியால் சதை எடுப்பார்கள். இந்த இடத்தில்தான் கூடவே இருப்பவர் வாய் திறக்க வேண்டும். எடுத்த சதை முழுவதும் ஃபார்மலினில் போனால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. "கொஞ்சம் சலைனில் வைத்து சிபிநாட் என்ற டிபி பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்புவீர்களா, சார்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மாமாவுக்கு விடை கிடைத்தது அந்தச் சின்ன பாட்டிலில் இருந்துதான்.

அதே சமயம், "டிபியாக இருக்கும்" என்று நாமாக முடிவுகட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போடவே கூடாது. புற்றுநோய் என்பதற்கு அடையாளங்கள் தெளிவாக இருந்தால், ஊசியால் சதை எடுக்காமலே அறுவைக்குப் போவதும் முறையான வழிதான். எதனால் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைக்கு அங்கே தனித்துறையே உண்டு.

டிபி என்று உறுதியானால் பொதுவாக ஆறு மாத மருந்து, அரசு மையத்தில் இலவசம். சத்துணவுக்கு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். பதிவு செய்யும்போதே பாஸ்புக்கைக் கொண்டுபோங்கள். வீட்டிலிருந்தே டிபி மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியதே 1956இல் தொடங்கிய நம் சேத்துப்பட்டு டிபி ஆராய்ச்சி மையம்தான். எங்கள் வீட்டிலோ அத்தை, மாமாவின் தட்டை, டம்ளரைத் தனியாக வைத்தார். நுரையீரலில் நோய் இல்லாதபோது அது தேவையே இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாமா எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது மஞ்சள் காமாலை இல்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். இன்னொரு மருந்தான எத்தாம்புட்டால் சிலருக்குப் பார்வையைப் பாதிக்கும். சிவப்பு, பச்சை பிரித்தறிவது கடினமாகும். வண்டி ஓட்டுபவர் என்பதை முதல் நாளே சொல்லி, கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிக்னல் நிறம் மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.