மலைபடுகடாம் காட்டும் வழியும் சராவாத் மலைச்சாலையும்

(மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பாடக் கட்டுரை)

 

நாம் வாழும் ஜுபைல் நகரின் பெயருக்குப் பொருள் யாது? அரபு மொழியில் ‘ஜபல்’ என்பது மலை. ‘ஜுபைல்’ என்பது சிறுமலை. பெயரில் மலையைத் தாங்கிய இவ்வூரில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மலையைக் காணோம். கிழக்கே கடல், மேற்கே மணல், இடையே 1975ஆம் ஆண்டு தோன்றிய அரச ஆணையம் எழுப்பிய தொழில் நகரம். ஆகவே ஐந்திணைப் பாடம் படிக்கும் நம் மாணவர்க்கு நெய்தல் கடற்கரையில் கிடைக்கிறது. பாலையை ஒத்த நிலம் ஊரின் எல்லையிலேயே கிடைக்கிறது. குறிஞ்சியோ ஏட்டில் மட்டுமே கிடைக்கிறது. ‘குறிஞ்சி: மலையும் மலை சார்ந்த இடமும்’ என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற பிள்ளை, மலையில் வீசும் காற்றை ஒருமுறையேனும் முகத்தில் உணர்ந்திருக்க வேண்டாமா?

அதற்காகத் தாயகம் செல்லும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாம் வாழும் இந்நாட்டிலேயே, நம் காரிலேயே, இரண்டு நாட்பயணத்தில் சென்றடையத்தக்க மலைநாடு ஒன்று உண்டு. அதுவே சராவாத் மலைத்தொடர். உடன் வழிகாட்டி எவருமின்றி ஒரு குடும்பம் தானே சென்று வருவதற்கு எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. ஆற்றுப்படை என்னும் வழித்துணை

‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்ற பொருளும் உண்டு. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையுடன் எதிர்வரும் கலைஞரை வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகளே. வழி சொல்லுவதையே இலக்கிய வகையாக்கி வளர்த்தவர் நம் முன்னோர்.

அவ்வைந்தனுள் மலைவழியை விரிவாகக் கூறுவது 583 அடிகளையுடைய மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து நன்னன். செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் ஆகும்.

இந்நூல் மலையின் அழகை மட்டும் பாடி அமையவில்லை. இடர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள்ளமையால் பொழுது புலர்ந்த பின்னரே செல்லுங்கள் என்கிறது. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும்; மரங்களின் பின்னே மறைந்து செல்லுங்கள் என்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் பற்றிக்கொண்டு நடக்கச் சொல்கிறது. வழி பலவாகக் கிளைக்கும் இடத்தில் பின்வருவோர் அறியும்படி புல்லை முடிந்து அடையாளம் இடச் சொல்கிறது. மலைவாழ் குறவரே திகைக்கும் இடத்தில் வழி தவறினால் அகன்ற பாறை மீது ஒன்றாகக் கூடி இசைக்கருவிகளை முழக்குங்கள். ஓசை கேட்டு மலைமக்கள் வந்து உதவுவர் என்கிறது.

இவற்றை இன்றைய மொழியில் சொன்னால், பகலில் செல்க, கல் விழும் இடம் அறிக, வழுக்குமிடத்தில் விரையற்க, வழியை அடையாளப்படுத்துக, வழி தவறினால் பிரியாமல் ஓரிடத்தில் நின்று உதவி கோருக என்பனவாகும். நூற்றாண்டுகள் பல கடந்தும் மலைச்சாலையின் விதிகள் மாறவில்லை.

2. மணலிலிருந்து மலைக்கு

ஜுபைலிலிருந்து தமாம் ஏறத்தாழ 90 கி.மீ. அங்கிருந்து 40ஆம் எண் நெடுஞ்சாலை ரியாத் வழியாகத் தாயிஃப் நோக்கிச் செல்கிறது. தமாம் முதல் ரியாத் வரை ஏறத்தாழ 400 கி.மீ.; ரியாத் முதல் தாயிஃப் வரை ஏறத்தாழ 750 கி.மீ. முதல் நாள் ரியாத்திலும் இரண்டாம் நாள் தாயிஃபிலும் இரவு தங்குதல் நன்று.

இந்நெடுவழியையும் ஒரு பாடமாகப் படிக்கலாம். ரியாத்துக்கு முன் செம்மணல் மேடுகளாகக் குறுக்கிடுவது தஹ்னா பாலைநிலம். சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் திரிந்த நிலையாகக் கூறும். தஹ்னாவோ இயல்பிலேயே மணல்நிலம். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே காட்டலாம். ரியாத்தைக் கடந்ததும் சாலை சட்டென்று சரிந்து இறங்கும். அது துவைக் என்னும் சுண்ணாம்புப் பாறை விளிம்பு. அதற்கும் மேற்கே, மிகப் பழமையான கடும்பாறைகளால் ஆகிய சமவெளி தொடங்குகிறது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. ரியாத்தின் உயரம் ஏறத்தாழ 600 மீட்டர். தாயிஃபின் உயரம் 1800 மீட்டருக்கும் மேல். ஆயினும் ஏறுகிறோம் என்ற உணர்வே தோன்றாது. காரணம் என்ன? செங்கடல் பிளந்து உருவானபோது அதன் ஓரம் உயர்ந்து எழுந்தது. ஆகவே சராவாத்தின் மேற்கு முகம் செங்குத்து. கிழக்கு முகமோ நீண்ட மென்சரிவு. நாம் கிழக்கிலிருந்து செல்வதால், மலை எங்கே என்று தேடிக்கொண்டே சென்று, திடீரென அதன் உச்சி விளிம்பில் நிற்கிறோம்! கீழே திஹாமா என்னும் கடலோரத் தாழ்நிலம் பள்ளத்தில் தோன்றும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையும் அரபிக்கடலை நோக்கிய மேற்கு முகத்தில் செங்குத்தாகவே அமைந்துள்ளது.

3. விளிம்பை ஒட்டிய பெருவழி

தாயிஃபிலிருந்து அல்பாஹா ஏறத்தாழ 220 கி.மீ.; அங்கிருந்து அப்ஹா ஏறத்தாழ 340 கி.மீ. இவற்றை இணைக்கும் 15ஆம் எண் சாலையே நம் மலைவழி. நான்கு நாட்களேனும் இதற்கு ஒதுக்குதல் வேண்டும்.

தாயிஃப் ரோசாவுக்குப் பெயர் பெற்றது. வசந்த காலமாகிய மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலர் கொய்து பன்னீரும் அத்தரும் வடிப்பர். தாயிஃபின் மேற்கே ஹதா என்னும் சரிவில் வளைந்து இறங்கும் சாலை மக்காவை நோக்கிச் செல்வது. மக்கா நகர எல்லைக்குள் முஸ்லிம் அல்லாதார் செல்ல இசைவில்லை என்பதால், அவ்வழியில் செல்வோர் அறிவிப்புப் பலகைகளைக் கூர்ந்து நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

அல்பாஹாவிலிருந்து சுரங்கப் பாதைகளும் பாலங்களும் நிறைந்த சாலையில் இறங்கினால், ‘தீ அய்ன்’ என்னும் பழஞ்சிற்றூரைக் காணலாம். வெண்பளிங்குக் குன்றின் மேல் கல்லாலேயே அடுக்கிய வீடுகள். அடியில் வற்றாத ஊற்று. அந்நீரால் விளையும் வாழைத்தோட்டம்! அரபு நாட்டு மலையடியில் வாழைக்குலையைக் காணும் தமிழர் உள்ளம் மகிழாதிருக்குமோ?

அப்ஹா ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் 1000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. ஜுபைலில் 44 பாகை கொதிக்கும் நாளில் அப்ஹாவில் 30 பாகை அளவே இருப்பதன் காரணம் இதுவே. அருகிலுள்ள சௌதா மலை ஏறத்தாழ 3000 மீட்டர் உயரமுடையது. அதன் சரிவுகளில் சூனிபர் மரக்காடுகள் உள்ளன. அங்குச் சில பகுதிகளில் கட்டுமானப் பணிகள் நடைபெறுவதால், முன்னரே விசாரித்துச் செல்க. மலைக்கு அப்பால் தாழ்வில் உள்ள ரிஜால் அல்மா, பல மாடிக் கல்வீடுகளைக் கொண்ட சிற்றூர். ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு 2021இல் இதனைச் சிறந்த சுற்றுலாச் சிற்றூர்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது.

வழியெங்கும் இருவகைக் காட்சிகளைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள். ஒன்று, மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கற்சுவர் கட்டி மழைநீரையும் மண்ணையும் தேக்கிய வயல்கள். மற்றொன்று, மண்சுவர்களில் வரிசை வரிசையாகக் கற்பலகைகள் நீட்டிய அசீர் வீடுகள். மழைநீர் சுவரைக் கரைக்காதபடி வெளியே தள்ளுவதே அப்பலகைகளின் பணி. வீட்டினுள்ளே பெண்கள் வண்ணம் தீட்டும் ‘அல்கத் அல்அசீரி’ கலையை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டு வாயிலில் கோலம் இடுவோரும் பெண்களே அல்லரோ?

4. ஏறுவதினும் இறங்குவது அரிது

பெற்றோர்கள் இப்பகுதியைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும். நம்மில் பலர் ஆண்டு முழுவதும் நேரான சாலையில் மட்டுமே வண்டி ஓட்டுவோர். மலை இறக்கத்தை ‘அகபா’ என்று அரபியில் குறிப்பர். அப்பலகையைக் கண்டவுடன் நம் ஓட்டும் முறையே மாறுதல் வேண்டும்.

மலைச்சாலை ஏன் வளைகிறது? 100 மீட்டர் தொலைவுக்கு 6 மீட்டர் உயரும் சாலை கார்களுக்கு ஏற்றது எனக் கொள்வோம். 2000 மீட்டர் ஏற அத்தகைய சாலை ஏறத்தாழ 33 கி.மீ. நீளம் இருத்தல் வேண்டும். மலையடியோ 10 கி.மீ. தொலைவிலேயே இருக்கலாம். ஆகவே சாலையை மடித்து மடித்துக் கொண்டை ஊசி வளைவுகளாக அமைக்கின்றனர். நீளத்தைக் கொடுத்துச் செங்குத்தைக் குறைக்கும் தந்திரம் இது.

இறங்கும்போது நேர்வது யாது? ஆட்களும் சுமையுமாக 2000 கிலோ எடையுள்ள கார் 1000 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 60 லிட்டருக்கும் மிகுந்த நீரைக் கொதிக்க வைக்கலாம். இடைவிடாது பிரேக்கை மிதித்தால் அவ்வெப்பத்தில் பெரும்பகுதி பிரேக்கிலேயே சேரும். பிரேக் எண்ணெய் கொதித்தால், மிதித்தும் வண்டி நில்லாது. எனவே இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி செய்க. தானியங்கி கியர் வண்டிகளிலும் இவ்வசதி உண்டு. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குக என்பது பழகிய ஓட்டுநர் கூறும் விதி. நியூட்ரலில் இறங்குவது பெரும்பிழை. கருகிய வாடை வீசினால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுக.

மேலும் சில குறிப்புகள்:

அ) இரவுப் பணி முடித்த கையோடு புறப்படற்க. பெருநாள் விடுமுறை சில நாட்களே என்னும் அவசரத்தில் உறக்கத்தை இழந்து ஓட்டுவது, பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ஆ) பாலைச்சாலையில் இரவில் ஒட்டகங்கள் குறுக்கிடும். பகலிலேயே பயணம் செய்க.

இ) உரிமம், இக்காமா, இஸ்திமாரா ஆகியவற்றைச் சரிபார்க்க. வண்டி பிறர் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருப்பின், ஓட்டும் அனுமதி தங்கள் பெயரில் பதிவாகியுள்ளதா என அறிக.

ஈ) மலையில் கைப்பேசித் தொடர்பு அறுவது உண்டு. வரைபடத்தை முன்னரே பதிவிறக்குக. ஊர்ப்பெயர்களை வரிசையாகத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்க. நம் காலத்துப் ‘புல் முடிதல்’ இதுவே.

உ) மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி மெல்லச் செல்க. மழை பெய்தால் வாதி எனப்படும் ஓடைப்பள்ளங்களைக் கடவற்க. எங்கோ பெய்த மழை நொடிப்பொழுதில் வெள்ளமாக வரும்.

ஊ) மருத்துவ அவசரத்துக்குச் செம்பிறைச் சங்கத்தின் எண் 997. இதனைப் பிள்ளைகளும் மனத்தில் கொள்க.

5. விருந்தினர் அறம்

மலைபடுகடாத்தில் மலைவாணர் வழிப்போக்கரைத் தம் சுற்றத்தார் போல் ஏற்று உணவளிப்பர். அசீர் மலைமக்களிடமும் காவா அருந்த அழைக்கும் பண்பு உண்டு. விருந்தினர்க்கும் கடமை உண்டு. வீடுகளையும் பெண்களையும் இசைவின்றிப் படம் எடுக்கலாகாது. வயற்சுவரில் ஏறலாகாது. சாலையோரம் கூட்டமாக அமர்ந்திருக்கும் பபூன் குரங்குகளுக்கு உணவு எறியலாகாது; அவ்வாறு பழகிய குரங்குகள் சாலைக்கு வந்து அடிபடும்; மக்களையும் தாக்கும். கொண்டு சென்ற குப்பையைக் கொண்டே திரும்புக.

6. தாயகத்துக் குறிஞ்சி

சராவாத்தைக் கண்ட பிள்ளைக்குத் தாயக மலைகள் புதிய பொருள் தரும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலை; காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் வழியில் 40 வளைவுகள். இங்கு வலப்புறம் ஓட்டிப் பழகிய பெற்றோர், அங்கு இடப்புறம் ஓட்ட வேண்டியிருப்பதால் முதலிரு நாட்கள் சமவெளியில் பழகிய பின்னரே மலையேறுக. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்துள்ளது. புறப்படுமுன் நடப்பு விதிகளை அறிக. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மூணாறு மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கலாம்.  அந்நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்!

முடிவுரை

ஆற்றுப்படை பாடிய கலைஞர் தாம் கண்ட வழியைத் தம்மோடு மறைத்து வைக்கவில்லை, பின்வருவோர்க்கு உரைத்தனர். சென்று வரும் குடும்பம் ஒவ்வொன்றும் தான் கண்ட வழியையும் இடரையும் தமிழில் எழுதி நம் வகுப்பறைச் சுவரில் ஒட்டுமாயின், அதுவே ஜுபைல் தமிழ் மாணவரின் புதிய ஆற்றுப்படையாகும்.

பயிற்சி

1. ‘ஆற்றுப்படை’ என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுக.
2. மலைபடுகடாம் கூறும் எச்சரிக்கைகளுள் மூன்றனை எழுதி, இன்றைய சாலை விதிகளோடு ஒப்பிடுக.
3. ஜுபைலில் 42 பாகை வெப்பம் எனில், 3000 மீட்டர் உயர மலையில் ஏறத்தாழ எத்தனை பாகை இருக்கும்? கணக்கிடுக.
4. மலை இறக்கத்தில் தாழ்ந்த கியர் ஏன் தேவை? ஐந்து வரிகளில் விளக்குக.
5. நீ கண்ட ஒரு வழியை, பின்வரும் நண்பனுக்கு உரைப்பது போல் ஒரு பக்க அளவில் எழுதுக.

அருஞ்சொற்பொருள்

கவண் – கல்லெறியும் கருவி. பொறி – விலங்குகளைப் பிடிக்கும் அமைப்பு. புனம் – மலைக்கொல்லை. புலர்தல் – விடிதல். திரிதல் – மாறுபடுதல். இசைவு – உடன்பாடு.