மகளிர் உடல்நலம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டிலுள்ளோர் அனைவருடைய நலத்தையும் பேணுகின்ற பெண், தன் உடலாகிய சுவரைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறாள். தலைவலி வந்தால் உடனே சொல்லும் அவள், அடிவயிற்றில் வலி வந்தால் மறைத்துக்கொள்கிறாள். நாணம் நோய்க்குத் திரையாகுமானால் அதனினும் பெரிய தீங்கு வேறில்லை.

பெண்ணுடலின் அமைப்பை முதலில் அறிவோம். இடுப்பெலும்புகள் கூடி ஒரு கிண்ணம் போல் அமைந்துள்ளன. அதனுள் முன்புறம் சிறுநீர்ப்பையும், பின்புறம் மலக்குடலும், நடுவே கருப்பையும் இருக்கின்றன. கருப்பையின் இரு மருங்கிலும் சினைப்பைகள் உள்ளன. கிண்ணத்தின் அடியில் தசைகள் தூளி போலப் பரந்து இவ்வுறுப்புகளைத் தாங்குகின்றன. இவற்றின் இயக்கம் பருவந்தோறும் மாறுகிறது. ஆதலின் பேணும் முறையும் மாற வேண்டும்.

முதலாவது, பூப்புப் பருவம். சினைப்பையிலிருந்து ஏறத்தாழத் திங்களுக்கு ஒரு முட்டை வெளிப்படுகிறது. அது கருவானால் தங்குவதற்காகக் கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. கரு உண்டாகாதபோது அப்படலம் குருதியோடு கழிகிறது. இதுவே மாதவிடாய். இது இயற்கையின் ஒழுங்கு. இதில் தீட்டும் இல்லை, இழிவும் இல்லை. இக்காலத்தில் துணியைப் பயன்படுத்துவோர் அதனைச் சோப்பிட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். குருதியோடு இரும்புச்சத்தும் வெளியேறுவதால் சோகை எளிதில் பற்றுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றிருந்தனர். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், நெல்லிக்கனி ஆகியவற்றை உண்பதும், பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்வதும் நலம் பயக்கும். குருதிப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், வலி பள்ளிக்குச் செல்லவொட்டாமல் தடுத்தாலும் மருத்துவரை நாட வேண்டும்.

இரண்டாவது, மகப்பேற்றுப் பருவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் நிகழ்ந்தது இது. ஓரிரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக ஒரு மருத்துவரின் இல்லத்திற்கு வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆயினும் ஆண் மருத்துவர் வந்து பார்க்க அம்மூவரும் உடன்படவில்லை. மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் வருமாறு வேண்டினர். அவரோ மருத்துவம் பயிலாத இளம்பெண். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அச்செய்தி ஐடாவின் உள்ளத்தை உலுக்கியது. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் வேலூருக்கு வந்து தொண்டாற்றினார். 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கென அங்கே ஒரு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அன்று அம்மூவரின் உயிரைக் கவர்ந்தது நோய் மட்டுமன்று; வழக்கமும் கூடவே நின்றது.

இக்காலத்தில் மருத்துவமனைப் பேறு பெருகியுள்ளது. எனினும் 2018–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 அன்னையர் என்ற அளவில் இறப்பு நேர்ந்தது. மிகுதியான குருதிப்போக்கு, உயர்ந்த குருதி அழுத்தம், நச்சுக் கிருமிகள் ஆகியவையே முதன்மையான காரணங்கள். கருவுற்ற நாள் முதல் முறையாகச் சோதனை செய்துகொண்டால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம்.

மூன்றாவது, மாதவிடாய் நின்ற பின் வரும் பருவம். பெரும்பாலோர்க்கு 45 முதல் 55 வயதிற்குள் இம்மாற்றம் நிகழ்கிறது. அப்போது எலும்பு வலிமை குறைகிறது. பல பேறுகளால் தளர்ந்த அடித்தசைகள் மேலும் நெகிழ்கின்றன. இருமும்போது சிறுநீர் கசிதலும், கருப்பை கீழிறங்குதலும் இதனால் உண்டாகலாம். இவற்றை முதுமையின் விதி என்று பாட்டியர் பலர் வெளியிற் சொல்லாமல் பொறுத்துக்கொள்கின்றனர். அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியை ஆர்னால்டு கீகல் என்னும் அமெரிக்க மருத்துவர் 1948ஆம் ஆண்டில் விளக்கினார். அது இன்றும் பலர்க்குப் பயன் தருகிறது. மாதவிடாய் நின்றபின் மீண்டும் குருதி கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஒருவகை வைரசால் உண்டாவது. அவ்வுண்மையைக் கண்டறிந்த ஹெரால்டு சூர் ஹாசன் 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். சிறுமியர்க்கு 9 முதல் 14 வயதிற்குள் தடுப்பூசி போடுவதும், 30 வயதிற்குமேல் பெண்கள் சோதனை செய்துகொள்வதும் இந்நோயைத் தடுக்கும் வழிகள்.

மாணவியரே, உங்கள் உடலை அறிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாணவர்களே, இஃது உங்களுக்கும் உரிய பாடமே. தாய், தமக்கை, பாட்டி ஆகியோரின் துன்பத்தைக் கேட்டறிந்து, அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் உங்கள் கடமை. காலத்தில் சொன்ன ஒரு சொல் ஓர் உயிரையே காக்கும்.