தாதியர் கல்வியும் கற்கும் வழிகளும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்த வானகரத்தினின்று அம்பத்தூருக்குச் செல்லும் சாலையிலே, அயனம்பாக்கத்தில், அப்போலோ தாதியர் கல்லூரி அமைந்திருக்கின்றது. பெண்களைத் தாதியர் படிப்புக்கு அனுப்புவது இப்பக்கத்துக் குடும்பங்களில் இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. பட்டப்படிப்புக்கு 4 வருஷங்கள் செல்லும். அதற்கு வேண்டிய பணத்தைக் கடனாகப் பெறுவோரும் உளர். ஆதலின், அம்மாணவிகள் எவ்வாறு கற்கிறார்கள் என்பது கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கும் சம்பந்தமுள்ள விஷயமேயாகும்.

நியூஜீலந்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராயிருந்த நீல் பிளெமிங் என்பார், காலீன் மில்ஸ் என்பவருடன் சேர்ந்து, 1992-ஆம் வருஷத்தில் 'வார்க்' என்னும் முறையை வெளியிட்டார். படங்களைப் பார்த்தல், செவியாற் கேட்டல், படித்தும் எழுதியும் அறிதல், கையாற் செய்து பழகுதல் என அது நான்கு வழிகளைக் கூறும். மாணவர் எவ்வழியை விரும்புகிறார் என்பதைச் சில கேள்விகளால் அறிவார்கள். பல தேசங்களில் தாதியர் மாணவிகளிடமும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை விரும்புவோரே பலராயிருக்கக் காணலாம்.

ஆனால் விருப்பம் வேறு, பயன் வேறு. ஹால் பாஷ்லர் முதலிய நால்வர் 2008-இல் இவ்விஷயமான ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து, அவரவர் விருப்பத்திற்கேற்பப் போதித்தால் படிப்பு மேம்படும் என்பதற்குத் தக்க ருசு இல்லையென்று தெரிவித்தனர். "நான் கேட்டே கற்பவள்" என்று ஒரு பெண் தனக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வது, அவள் கவனிப்பிலிருக்கும் நோயாளிக்கு ஆபத்தாய் முடியலாம்.

நீரிழிவுக்குப் போடும் இன்ஸுலின் மருந்தையே பார்ப்போம். இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட புட்டியும் உண்டு, 100 அலகு கொண்டதும் உண்டு. முன்னதற்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு. பின்னதற்குரியது ஆரஞ்சு நிறம். 20 அலகு கொடுக்கவேண்டிய நோயாளிக்கு, 40 அலகு மருந்தை 100 அலகுக் குழலில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடம்பிற் சேருவது 8 அலகுதான். மாறாக, 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் அதே கோடு வரை எடுத்தால் 50 அலகு சேர்ந்துவிடும். இரத்தத்திற் சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே மோசம் நேரலாம். இங்கே புட்டியின் எழுத்தைப் படிக்கவேண்டும், நிறத்தைப் பார்க்கவேண்டும், கணக்குப் போடவேண்டும், கையும் பழகியிருக்கவேண்டும். இவற்றில் எதை விடலாம்? இரத்த அழுத்தம் பார்ப்பதும் இத்தகையதே. காதால் ஒலியைக் கேட்கும் அதே கணத்தில் கண் அளவைக் குறிக்கவேண்டும்.

எல்லா மாணவர்க்கும் உதவும் பழக்கம் ஒன்றுண்டு. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்போர் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிஷங் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரஞ் சென்றபின், புஸ்தகத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே மேலாயிருந்தனர்.

தமிழில் படித்துவந்த பெண் இங்கிலீஷ் புஸ்தகத்தின் முன் திகைத்தால், அவளுடைய கற்கும் வழி வேறென்று சொல்லிவிடுவது சரியன்று. அங்கே தடை பாஷையே. அத்தகையவள் ஒவ்வொரு சிகிச்சை முறையையும் முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, பின்பு இங்கிலீஷ் பதங்களை அதனோடு பொருத்திப் படிப்பது நலம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும் கட்டிடத்தைப் பார்த்து மயங்காமல், அது இந்தியத் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றதா, பயிற்சிக்குரிய ஆஸ்பத்திரி எது, பொம்மை உடம்பில் பழகும் கூடம் மாணவிகளுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பவற்றைப் பணங் கட்டுமுன் கேட்டறியலாம்.