அக்கா டிப்ஸ்: இந்தப் ‘பை’க்குள்ள என்ன இருக்கு?

வேலைக்குச் சேர்ந்த புதுசுல மெயில் எழுதும்போது தடுக்கி விடறது பெரிய பெரிய வார்த்தை இல்லடி. ‘பை’ மாதிரி பொடி வார்த்தைதான். கிராமர் புக்கை ஓரமா வெச்சிட்டு, சொல்ல வந்ததைத் தமிழ்ல ஒருதரம் மனசுக்குள்ள சொல்லிப் பாரு. சொல்லோட வால்ல என்ன ஒட்டியிருக்குன்னு கவனி. ‘க்குள்ள’வா, ‘ஆல’யா, ‘ல’வா? பாதி விடை அங்கேயே இருக்கு. மீதிப் பாதியில தமிழே நம்மளைக் கவுத்துடும்.

முதல்ல தேதி விவகாரம். ஆபீஸ்ல திட்டு வாங்கித் தர்றது இதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பறேன்னா, ‘ஐ வில் சென்ட் இட் பை ஃப்ரைடே’. வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவுன்னா, ‘ஐ ஆம் ஆன் லீவ் டில் ஃப்ரைடே’. அந்த நாளுக்குள்ள ஒருதரம் நடந்து முடியுற வேலைக்குப் பை. அதுவரைக்கும் விடாம நீடிக்கிறதுக்கு டில். ‘ஐ வில் சென்ட் த ரிப்போர்ட் டில் ஃப்ரைடே’ன்னு எழுதினா, வெள்ளிக்கிழமை வரைக்கும் ரிப்போர்ட்டா அனுப்பித் தள்ளப்போறேன்னு அர்த்தம் ஆயிடும். மேனேஜர் பயந்துடுவார்.

‘பை ஃப்ரைடே’யில வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. ‘பிஃபோர் ஃப்ரைடே’ன்னா வியாழக்கிழமையோட கதை முடிஞ்சுது. காலையிலயா, ராத்திரி பதினொன்றரைக்காங்கிற வம்பே வேண்டாம்னா, ‘பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே’ன்னு மணியையும் நீயே போட்டுடு.

இங்கதான் ‘க்குள்ள’ காலை வாரும். “ரெண்டு நாளைக்குள்ள தர்றேன்”னும் சொல்றோமில்ல? அதுக்கு ‘பை டூ டேஸ்’ கிடையாது, ‘வித்இன் டூ டேஸ்’. காலண்டர்லயோ கடிகாரத்துலயோ விரல் வெச்சுக் காட்ட முடியுதா? திங்கட்கிழமை, 10-ம் தேதி, நாலு மணி. அப்போ பை. எண்ணிப் பார்க்கிற நாளா, மணி நேரமா இருந்தா வித்இன். தமிழ் ரெண்டுக்கும் ஒரே ‘க்குள்ள’ போட்டு நம்மளைச் சோம்பேறியாக்கி வெச்சிருக்கு.

“நான் போறதுக்குள்ள பஸ் போயிடுச்சு”க்கும் இதே பைதான்: ‘பை த டைம் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் ஹாட் லெஃப்ட்’. நாளைக்கு நடக்கப்போறதைச் சொல்லும்போது ‘பை த டைம்’ ஒட்டின பாதியில மட்டும் ‘வில்’ போடாதே. ‘பை த டைம் யூ கம், ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட்’. வில் ரெண்டாவது பாதிக்குத்தான்.

அடுத்தது ‘ஆல்’. ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்னு பள்ளிக்கூடத்துல மாத்தி மாத்தி எழுத வெச்சதுல, ஆல் வந்தாலே கை தானா பை போட்டுடுது. ‘திருக்குறள் வாஸ் ரிட்டன் பை திருவள்ளுவர்’ சரி. செஞ்சவர் பைக்குப் பின்னாடி. ஆனா “கத்தியால வெட்டினேன்”ல கத்தி வெறும் கருவி. அதனால ‘ஐ கட் இட் வித் எ நைஃப்’. “காய்ச்சலால வரலை”ன்னா அது காரணம், ‘பிகாஸ் ஆஃப் ஃபீவர்’. “என்னால முடியாது”ல வர்ற ஆலுக்கு இங்கிலீஷ்ல ஒண்ணுமே வேண்டாம். ‘ஐ கான்ட்’ போதும். ‘நாட் பாஸிபிள் பை மீ’ன்னு எழுதி வெச்சிடாதே, படிக்கிறவங்க தலைசுத்திப் போவாங்க.

அப்போ கையால தைச்ச ஜாக்கெட்? கை கருவிதானேன்னு கேப்ப. ‘ஸ்டிச்ட் பை ஹான்ட்’தான் சரி. மெஷின்ல இல்ல, கையாலன்னு தைச்ச முறையைச் சொல்றோம் பாரு, அதனால. “என் ரெண்டு கையால தைச்சேன்”னு பெருமையடிச்சுக்கிட்டா உடனே ‘வித் மை ஓன் ஹான்ட்ஸ்’ ஆயிடும். நடுவுல ‘மை’ நுழைஞ்சதும் பை ஓடிடும்.

வண்டிக்கும் அதே கதை. பஸ்ல வந்தேன், ‘பை பஸ்’. கார்ல வந்தேன், ‘பை கார்’. என் கார்ல வந்தேன்னா ‘இன் மை கார்’. என் ஸ்கூட்டர்ல வந்தேன்னா ‘ஆன் மை ஸ்கூட்டர்’. ‘பை மை ஸ்கூட்டர்’ வேண்டவே வேண்டாம். நடந்து வந்ததுக்கு ‘பை வாக்’னு நம்ம ஊர்ல பாதிப் பேர் சொல்றாங்க. அதையும் விடு. ‘ஆன் ஃபுட்’, இல்லேன்னா ‘ஐ வாக்ட்’. எனக்குப் பின்னதுதான் பிடிக்கும்.

பைஹார்ட்னு ஒண்ணு இருக்கே, அதை நாம வினையாவே ஆக்கிட்டோம். ‘ஐ பைஹார்ட்டட் த ஆன்ஸர்’ நம்ம ஆளுக்குப் புரியும், மத்தவங்க முழிப்பாங்க. ‘ஐ லெர்ன்ட் இட் பை ஹார்ட்’னு சொல்லு. பை மிஸ்டேக், பை சான்ஸ் இதெல்லாம் அப்படியே மனப்பாடம் பண்ண வேண்டியதுதான். காரணம் தேடி உட்காராதே.

காசு விஷயத்துல மட்டும் கண்ணை நல்லா விரிச்சுப் படி. வாடகை 8,000 ரூபாயா இருந்து 1,000 ஏறிச்சுன்னா, ‘த ரென்ட் வென்ட் அப் பை 1,000’. அதையே 9,000-ஆ ஏறிடுச்சுன்னு சொல்லணும்னா, ‘வென்ட் அப் டு 9,000’. எவ்வளவு ஏறிச்சோ அதுக்குப் பை, எங்க போய் நின்னுச்சோ அதுக்கு டு. இன்க்ரிமென்ட் லெட்டர்லயும், தள்ளுபடி விளம்பரத்துலயும் சந்தோஷப்படறதுக்கு முன்னாடி இதைத் தேடு. ‘500 ரூபாய் குறைச்சிருக்கோம்’கிறதும் ‘500 ரூபாயா குறைச்சிருக்கோம்’கிறதும் ஒண்ணா என்ன?

ஹோட்டல்ல ‘ஒன் பை டூ சூப்’ கேக்குறோமே, அது கணக்கு வாத்தியார் பின்னத்துக்குச் சொல்லித் தந்த பை. ரூமோட அளவைப் ‘10 பை 12’னு சொன்னா எந்த ஊர்லயும் புரியும். ஒன் பை டூ அப்படி இல்லை, நம்ம பக்கத்து ஹோட்டலைத் தாண்டினா செல்லாது. பின்னத்தையே வெளிநாட்டுல ‘த்ரீ ஓவர் ஃபோர்’, ‘த்ரீ குவார்ட்டர்ஸ்’னுதான் படிப்பாங்க. நாளைக்கு உன்னை ஆன்சைட் அனுப்பினா, ‘ஒன் சூப், டூ பௌல்ஸ், ப்ளீஸ்’னு கேளு.