கொட்டகையில் கிடக்கும் ஸ்டில் 070

கேள்வி: அப்பா வைத்திருந்த ஸ்டில் 070 செயின்சா பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. சரிசெய்து விறகு அறுக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தாராளமாக. 100 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் அது, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கயிற்றை இழுத்துப் பார்க்கும் முன் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியே பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆழமான கீறல் இருந்தால் செலவு பெரிது. வழவழப்பாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு பார்க்கவேண்டியது கார்புரேட்டர். உள்ளே இருக்கும் டயாப்ரம் விறைத்துப்போயிருக்கும். அதையும் பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது. வேலை முடிந்ததும் டாங்கைக் காலிசெய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிடுங்கள். லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்தால் 25க்கு 1. பழைய இன்ஜினுக்கு அது பாதுகாப்பான கணக்கு.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன். பழைய 070-இல் செயின் பிரேக் கிடையாது. பார் நுனியின் மேல்பகுதி கட்டையில் பட்டால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்துக்கு எகிறும். தரையில் கிடக்கும் பருத்த கட்டைகளுக்கு மட்டும் இதை எடுங்கள். கிளை கழிக்க, பிரேக் உள்ள சிறிய மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள்.